வீட்டில் மின்சாரம் அடிக்கடி 'டிரிப்' ஆகிறதா? பிரேக்கரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது, பக்கத்தில் ஏர் ஃபிரையர் ஓடுகிறது. 'டக்'கென்று ஒரு சத்தம். இரண்டும் நின்றுவிட்டன.

"பிரேக்கர் கெட்டுப்போச்சு, மாத்திடலாம்" என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பெரும்பாலும் பிரேக்கர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கோளாறு வேறு எங்கேயாவது இருக்கும்.

எது விழுந்தது?

வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் மின் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் இரண்டு வகைச் சாதனங்கள் இருக்கும்.

சிறிய சுவிட்சுகள் எம்சிபி. ஒரு கம்பி வழியாக அளவுக்கு மீறி மின்சாரம் போனாலோ, ஷார்ட் சர்க்கியூட் ஆனாலோ அது விழும்.

'டெஸ்ட்' பொத்தானுடன் சற்று அகலமாக இருப்பது ஆர்சிசிபி. மின்சாரம் கசிந்தால் அது விழும். வீடுகளில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும். உயிர் காக்கும் சாதனம் இதுதான்.

எம்சிபி விழுந்தால்?

சின்னக் கணக்கு போடுங்க. சிங்கப்பூரில் மின்னழுத்தம் 230 வோல்ட். 20 ஆம்பியர் பிரேக்கர் என்றால், 20 x 230 = 4,600 வாட். கெட்டில் 2,200, இண்டக்ஷன் அடுப்பு 2,100, ஏர் ஃபிரையர் 1,700 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 வாட். மூன்றும் ஒரே இணைப்பில் ஓடினால் சிறிது நேரத்தில் பிரேக்கர் விழக்கூடும். ஒவ்வொன்றாகப் பயன்படுத்தினால் பிரச்சினை தீர்ந்தது.

ஆர்சிசிபி விழுந்தால்?

எந்தச் சாதனத்தில் கசிவு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

1. கைகளை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.
2. எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். வாட்டர் ஹீட்டர், ஏர்கான் சுவிட்சுகளையும் அணையுங்கள்.
3. ஆர்சிசிபியை மேலே தள்ளுங்கள்.
4. சாதனங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, அதில்தான் கோளாறு. அதை இனிப் பயன்படுத்தாதீர்கள்.

எதுவுமே செருகாத நிலையிலும் விழுகிறதா? அப்போது வீட்டுக் கம்பியிலோ பிரேக்கரிலோ கோளாறு இருக்கலாம். திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்காதீர்கள். கருகிய வாசம், பழுப்புக் கறை, தளர்ந்த நெம்புகோல் ஆகியவையும் ஆபத்தின் அறிகுறிகள்.

பெரிய பிரேக்கர் போட்டால் என்ன?

அடிக்கடி விழுதேன்னு 20 ஆம்பியருக்குப் பதிலாக 32 ஆம்பியர் போடச் சொல்பவர்கள் உண்டு. போடவே கூடாது. சுவருக்குள் ஓடும் கம்பி எவ்வளவு மின்சாரம் தாங்குமோ, அதற்கு ஏற்பத்தான் பிரேக்கரின் அளவு. பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால் அது விழாது, கம்பி சூடாகும். மேலுறை உருகித் தீப்பிடிக்கலாம்.

நாமே மாற்றலாமா?

கூடாது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் இந்த வேலையைச் செய்யலாம். ஆணையத்தின் இணையத்தளத்தில் அவர்களைத் தேடலாம். வருபவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். "ஏன் விழுந்தது?" என்றும் கேளுங்கள். கம்பியைச் சோதிக்காமல் பிரேக்கரை மட்டும் மாற்றினால், அடுத்த வாரம் மறுபடியும் விழலாம்.

பழைய வீடா?

1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் ஆர்சிசிபி இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயம். அதைப் பொருத்த வீட்டு உரிமையாளர்களுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. தாத்தா பாட்டி பழைய வீட்டில் இருந்தால், அடுத்த முறை போகும்போது மின் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஆர்சிசிபி இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்யவும் வேண்டும். மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். உடனே விழுந்தால் நல்லது. விழவில்லை என்றால் மின் ஊழியரை அழையுங்கள். மாற்ற வேண்டியது அந்தப் பிரேக்கரைத்தான்.