பௌலோனியா: பெயரும் அடையாளமும்

பௌலோனியா டொமென்டோசா என்பது சீனாவைத் தாயகமாகக் கொண்ட, விரைந்து வளரும் மரமாகும். 10 முதல் 25 மீட்டர் வரை உயரும். இளவேனிலில் இலை விடும் முன்பே ஊதா நிறப் பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். சப்பானியர் இதைக் 'கிரி' என்பர்.

பெயர் வரலாறு

சப்பானில் டச்சு வணிக நிலையத்தின் மருத்துவராக இருந்த சுவீடியத் தாவரவியலாளர் துன்பெர்க், 1784-இல் வெளியான தம் நூலில் இதைப் 'பிக்னோனியா டொமென்டோசா' என்றார். டொமென்டோசா என்றால் மென்மயிர் அடர்ந்தது என்று பொருள். பின்னர் அதே நிலையத்தில் மருத்துவராக இருந்த செருமானியர் சீபோல்டு, சுக்காரினியுடன் சேர்ந்து 1835-இல் இதைத் தனிப் பேரினமாக்கினார். டச்சு இளவரசரை மணந்த உருசிய இளவரசி அன்னா பாவ்லோவ்னாவின் நினைவாக அதற்குப் பௌலோனியா என்று பெயரிட்டனர். பாவ்லோவ்னா என்பது 'பாவெலின் மகள்' எனப் பொருள்படும் தந்தைவழிப் பெயர். ஆகவே மரம் தாங்கி நிற்பது அவருடைய தந்தையான பேரரசர் முதலாம் பாவெலின் பெயரையே. 1841-இல் இசுட்டூடெல், துன்பெர்க் இட்ட டொமென்டோசாவை இப்பேரினப் பெயருடன் இணைத்தார்.

அடையாளம்

இதய வடிவ இலைகளைக் கண்டு இதைக் கட்டால்பா மரம் எனப் பலர் கருதுவதுண்டு. இலை ஏமாற்றினாலும் காய் ஏமாற்றாது. கட்டால்பாவின் காய் முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பௌலோனியாவின் காய் கூர்நுனியுள்ள முட்டை வடிவினது. கட்டால்பாவும் நம் பாதிரியும் அடங்கிய பிக்னோனியாக் குடும்பத்தின் விதைகளில் முளைசூழ்தசை இராது. பௌலோனியா விதையில் உண்டு. 1949-இல் சப்பானியத் தாவரவியலாளர் நக்காய் இதற்குப் பௌலோனியேசி என்னும் தனிக் குடும்பம் வகுத்தார். இன்றைய வகைப்பாடும் அதை ஏற்கிறது. இலையுதிர்ந்த குளிர்காலத்திலும், கிளை நுனிகளில் நிமிர்ந்து நிற்கும் பழுப்பு நிற மொட்டுக் கொத்துகளைக் கொண்டு இம்மரத்தை அறியலாம்.