அரசர் சொல்லும் தாயின் மறுப்பும்: ஒருபால் திருமணம், சிகானூக் முதல் வேலூர் வழக்கு வரை

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு முடிவுக்கு வந்தது. வழக்கின் தலைப்பில் எதிர்மனுதாரராக நின்றவர் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். 25 வயதுப் பெண் ஒருவரை அவருடைய வீட்டாரே அடைத்து வைத்திருக்கிறார்கள், மீட்டுத் தர வேண்டும் என்பது மனு. மனு செய்தவரும் ஒரு பெண். நீதிமன்றத்தில் தாய் எதிர்த்தார். மகள் அந்தப் பெண்ணோடு போகவே விரும்புவதாகச் சொன்னார்.

இதற்கு 21 ஆண்டுகளுக்கு முன், ஆசியாவின் ஓர் அரசர் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளத் தம் நாடு இடம் தரலாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். அவர் கம்போடிய மன்னர் நொரடோம் சிகானூக். அரியணையிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கும் வேலூர்ப் பெண்ணின் வீட்டுக் கதவுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வியில் கடுமையான எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பது தெரிகிறது.

மன்னரின் குறிப்பு

சிகானூக் 1922-இல் பிறந்தவர். 1941-இல் பிரெஞ்சு ஆட்சியாளர்களால் அரியணையில் அமர்த்தப்பட்டார். 1955-இல் முடியைத் தந்தைக்கு விட்டுக்கொடுத்து அரசியலில் இறங்கினார். 1970-இல் ஆட்சிக் கவிழ்ப்பில் பதவி இழந்தார். கெமர் ரூச் காலத்தின் பேரழிவுக்குப் பின் 1993-இல் மீண்டும் மன்னரானார். புதிய அரசமைப்பின்படி மன்னர் அரசராக இருப்பார், ஆளமாட்டார். சட்டம் இயற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தது ஓர் இணையதளம். சிகிச்சைக்காக அடிக்கடி பெய்ஜிங்கில் தங்கிய முதிய மன்னர், பிரெஞ்சு மொழியில் தம் கைப்படக் குறிப்புகள் எழுதி அதில் வெளியிட்டுவந்தார். உலகில் அப்போது இப்படி எழுதிய அரசர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

2004 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர மேயர் கேவின் நியூசம் ஒருபால் இணைகளுக்குத் திருமண உரிமம் வழங்கத் தொடங்கினார். ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ 4,000 இணைகள் மணந்துகொண்டனர். (அவ்வாண்டு ஆகஸ்டில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அத்தனை திருமணங்களையும் செல்லாது என்று அறிவித்தது.) அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் கண்ட 81 வயது சிகானூக், பிப்ரவரி 20 அன்று தம் தளத்தில் எழுதினார். கம்போடியா தன்னைத் தாராள மக்களாட்சி என்று சொல்லிக்கொள்ளுமானால் இத்தகைய திருமணங்களை அனுமதிக்க வேண்டும். கடவுள் பலவகை விருப்பங்களையும் நேசிப்பவர். எதிர்ப்பாலின உடையணிந்து வாழ்வோரையும் சமூகம் ஏற்று நன்றாக நடத்த வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம்.

உலகச் செய்தி நிறுவனங்கள் இதை வியப்போடு வெளியிட்டன. மன்னருக்குப் பாராட்டும் வந்தது, வசையும் வந்தது. ஏசி எழுதியவர்களுக்குத் தம் தளத்திலேயே பதில் சொன்ன மன்னர், தாம் தன்பாலீர்ப்பு கொண்டவர் அல்லர் என்றும், அவர்களின் உரிமையை மதிப்பவர் மட்டுமே என்றும் விளக்கினார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. 2003 ஜூலைத் தேர்தலுக்குப் பின் அரசு அமைக்க முடியாமல் நாடு முடங்கிக்கிடந்த நேரம் அது. இந்தக் குறிப்பைச் சட்டமாக்க யாரும் முன்வரவில்லை. கம்போடிய அரசமைப்பின் 45-ஆம் பிரிவு திருமணத்தை ஒரு கணவனுக்கும் ஒரு மனைவிக்கும் இடையிலானது என்றே சொல்கிறது. சிகானூக் 2004 அக்டோபரில் முடிதுறந்தார். 2012 அக்டோபர் 15 அன்று பெய்ஜிங்கில் காலமானார். அந்தப் பிரிவு மாறவில்லை.

2007 அக்டோபரில் பிரதமர் ஹுன் சென் ஒரு பட்டமளிப்பு விழாவில் பேசியதைக் கம்போடியாவின் உண்மையான எதிர்வினை என்று கொள்ளலாம். தம் வளர்ப்பு மகள் ஒரு பெண்ணோடு வாழ்வதாகவும், அவருடனான உறவைச் சட்டப்படி முறித்துக்கொள்ளப்போவதாகவும் அவர் கூறினார். அதே பேச்சில், இத்தகையோரைப் பாகுபாட்டோடு நடத்தாதீர்கள், அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள் என்று பெற்றோர்களுக்கு அறிவுரையும் சொன்னார். நாட்டுக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு வேறொரு நியாயம்.

ராஜ்பிப்லாவில் எரிந்த உருவபொம்மை

இந்தியாவில் மன்னர்கள் இல்லை. 1971-இல் அரசமைப்பின் 26-ஆவது திருத்தம் அவர்களின் பட்டங்களையும் மானியத்தையும் நீக்கிவிட்டது. ஆனாலும் முன்னாள் அரச குடும்பங்களுக்கு அவரவர் ஊரில் மதிப்பு எஞ்சியிருந்தது. குஜராத்தின் ராஜ்பிப்லா அரச வாரிசான மானவேந்திர சிங் கோகில் 1965-இல் பிறந்தவர். 1991-இல் ஜாபுவா அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டே மணமுறிவு ஏற்பட்டது. 2002-இல் மன உளைச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2006 மார்ச்சில் குஜராத்தி நாளேடு ஒன்றில் தாம் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்று அறிவித்தார்.

மறுநாளே ஊர் கொதித்தது. மக்கள் அவருடைய உருவபொம்மையை எரித்தார்கள். அரச குடும்பம் அவரைப் பகிரங்கமாகக் கைவிட்டது. மகனல்ல என்று தாய் நாளேட்டில் விளம்பரம் கொடுத்தார். காலப்போக்கில் தந்தையின் மனம் மாறியது. மானவேந்திரர் பின்னாளில் தம் அரண்மனை நிலத்தில் 15 ஏக்கரை, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கான புகலிடம் அமைக்க ஒதுக்கினார். தாய்வீடு மூடிக்கொண்டால் எங்கே போவது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த கேள்வி.

சட்டம் வந்த வழி

கம்போடியாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பிரான்சு 1791-லேயே தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. எனவே பிரெஞ்சுக் காப்பில் இருந்த கம்போடியாவுக்கு அப்படியொரு குற்றச் சட்டம் வந்து சேரவில்லை. சிகானூக் கேட்டது திருமணத்தை மட்டுமே. விக்டோரியா அரசியின் ஆட்சியில், 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365, 365அ பிரிவுகள் அதே வேலையைச் செய்தன. 1995-இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது.

பெண்கள் அப்படி நடந்துகொள்வார்கள் என்பதையே விக்டோரியா நம்பவில்லை, அதனால்தான் 1885-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் ஆண்களை மட்டும் தண்டித்தது என்றொரு கதை இன்றும் உலவுகிறது. அதற்குச் சான்று இல்லை. மன்னர்கள் சொல்லாததையும் அவர்கள் வாயில் போட்டுவிடுவது உலக வழக்கம்.

இந்தியாவில் 377-ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோகர் தீர்ப்பில் தளர்ந்தது. திருமண உரிமை கேட்ட சுப்ரியோ வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்யும் அடிப்படை உரிமை அரசமைப்பில் இல்லை என்று ஒருமித்துச் சொன்னார்கள். திருமணமல்லாத இணைவாழ்வுக்குச் சட்ட ஏற்பு தருவதும் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தோற்றது.

தமிழகத்தில் இதற்கிடையே வேறொரு தடம் உருவாகியிருந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்த திருமணத்தைப் பதிவாளர் ஏற்க மறுத்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டார். தீர்ப்பு சொல்லுமுன் தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று இதைப் பற்றிக் கற்றுக்கொண்டவர் அவர். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022-இல் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. பால்புதுமையர் என்ற சொல் அரசு ஏட்டில் ஏறியது அப்போதுதான்.

தோல் நகரங்களின் மாவட்டத்தில்

வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதியெங்கும் பரவியது தோல் தொழில். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பேரணாம்பட்டு வேலூரோடு நின்றது. தோல் பதனிடும் இடங்களில் ஆண்கள் அதிகம். ஷூ கம்பெனிகளில், குறிப்பாக மேற்பகுதி தைக்கும் பிரிவில், சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களே பெரும்பான்மை. மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள் நிறைந்த வட்டாரம் இது. சம்பளம் கைக்கு வருவது வேறு, யாரோடு வாழ்வது என்று தாமே முடிவுசெய்வது வேறு.

திருமணம் என்ற சொல் இங்கே ஏட்டளவில் நிற்பதில்லை. ஷூ கம்பெனித் தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ. அட்டையில் கணவர், பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோருக்கு இடமுண்டு. கூட வாழும் தோழிக்கு இல்லை. வருங்கால வைப்பு நிதிக்கும் குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரைத்தான் வாரிசாக நியமிக்க முடியும். சுப்ரியோ தீர்ப்புக்குப் பின் 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு சில விளக்கங்கள் வெளியிட்டது: இத்தகைய இணைகளை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நியமனதாரராக்கவும் தடை இல்லை. திருமணம் தராத அரசு ரேஷன் கடை வழியாகச் சிறிதளவு குடும்பம் தந்தது எனலாம்.

வேலூர் மனுவுக்கு வருவோம். மனுதாரர் தம் மனுவிலும் காவல்துறைக்கு அனுப்பிய புகார்களிலும் தம்மை நெருங்கிய தோழி என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். உண்மையான உறவைச் சொல்லத் தயங்கியதை நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் கவனித்தார்கள், அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளத் தக்கது என்றார்கள். அழைத்து வரப்பட்ட பெண்ணிடம் நேரில் பேசியபோது அவர் ஒளிக்கவில்லை. தம்மை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுசென்றதாகவும், அடித்ததாகவும், இயல்பானவளாக மாற்றுவதற்கென்று சில சடங்குகளைச் செய்ததாகவும் கூறினார். உயிருக்கே ஆபத்து என்று அஞ்சினார். தாயோ, மகளை அந்தப் பெண் கெடுத்துவிட்டாள், போதைப் பழக்கத்துக்கு ஆளாக்கிவிட்டாள் என்று முறையிட்டார். மகளைப் பார்த்த நீதிபதிகள் அப்படி எந்தக் குற்றச்சாட்டையும் சுமத்துவது நியாயமில்லை என்றனர். மகளும் எல்லாப் பெண்களையும் போல் கல்யாணம் செய்து குடும்பமாக வேண்டும் என்பதே தாயின் ஆசை. வயது வந்த பெண்ணுக்குத் தன் வாழ்வைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதைத் தாய்க்குப் புரியவைக்க முயன்றும் பயனில்லை என்று நீதிபதிகள் ஆணையிலேயே எழுதினார்கள். எல்லாப் பெற்றோரும் லீலா சேத்தைப் போல் இருப்பதில்லை என்றும் குறிப்பிட்டார்கள். லீலா சேத் 1991-இல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில், நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியானவர். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாய். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவை மீண்டும் செல்லுபடியாக்கியபோது, தம் மகன் குற்றவாளியாக்கப்பட்டதை எதிர்த்து வெளிப்படையாக எழுதியவர்.

ஆணையின் மையம் ஒரே கருத்து. சுப்ரியோ வழக்கு ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தராமல் போயிருக்கலாம். ஆனால் குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல. தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்ற கருத்து சட்டத்தில் ஏற்கெனவே நிலைபெற்றது என்றனர் நீதிபதிகள். சிகானூக் கேட்டது இதைவிடப் பெரியது. ஆனால் அவர் குறிப்பைக் காட்டி எந்தக் கம்போடியப் பெண்ணும் பூட்டிய வீட்டிலிருந்து வெளியே வர முடியாது. இந்த ஆணையைக் கொண்டு ஒரு பெண் வந்தார். சட்டமும் அரியணையும் ஒன்றுசேர்ந்த இடம் தாய்லாந்து. அங்கே நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மன்னர் வஜிரலோங்கோனின் ஒப்புதலோடு 2024 செப்டம்பர் 24 அன்று அரசிதழில் வெளிவந்தது. 2025 ஜனவரி 23 முதல் நடைமுறைக்கு வந்தது. மன்னர் கட்டுரை எழுத வேண்டியிருக்கவில்லை, கையெழுத்துப் போதுமானதாக இருந்தது.

வேலூர் ஆணையில் இன்னொரு சிறு செய்தியும் உண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் குவியர் என்ற சொல்லுக்கு அகராதியில் விநோதமானது என்று பொருள் இருப்பதால், அதைப் பயன்படுத்த நீதிபதிகளுக்கு மனம் ஒப்பவில்லை. தமிழில் அந்தச் சங்கடம் குறைவு. பால்புதுமையர் என்பதில் உள்ள புதுமை யாரையும் இழிவுபடுத்துவதில்லை.

காவல்துறை செயல்படாமல் இருந்ததையும் பரிவின்றி நடந்துகொண்டதையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். மனுதாரரோடு செல்ல அந்தப் பெண்ணை விடுவித்தார்கள். அவருடைய தனிப்பட்ட சுதந்திரத்தில் வீட்டார் தலையிடக் கூடாது என்று தடை விதித்தார்கள். இருவரும் கேட்கும்போதெல்லாம் பாதுகாப்புத் தர வேண்டும் என்று அந்தந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையங்களுக்குத் தொடர்ந்து நிற்கும் ஓர் உத்தரவும் இடப்பட்டது. அவர்களின் பெயர்கள் தீர்ப்பில் இல்லை.