பாறசாலை எல்லையும் மின்கல எல்லையும்

பாறசாலையைக் கடந்து களியக்காவிளைக்கு வரும் வழிப்போக்கர், கேரளம் எங்கே முடிந்தது, தமிழகம் எங்கே தொடங்கிற்று என்பதைப் பெயர்ப் பலகைகளைக் கொண்டே அறிவார். பேச்சைக் கொண்டு அறிதல் அரிது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. வரைபடத்தில் எல்லை ஒரு கோடு. ஊரிலோ இருபுறமும் கலந்த ஒரு பட்டை. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இவ்வெல்லைக்குத் தென்கிழக்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் அம்மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். எரிவாயு விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியத்தையே அன்றைய வணிகம் நாடிற்று. ஆனால் மோனசைட்டில் லாந்தனமும் உண்டு. உடன் கிடக்கும் சிர்க்கானில் சிர்க்கோனியமும் உண்டு.

அவ்விரு தனிமங்களையும் லித்தியத்தோடு சேர்த்து ஆக்கிய ஒரு திண்மத்தை 2007-இல் ஜெர்மனியின் கீல் நகரோடு ஆய்வுத் தொடர்புடைய மூவர் அறிவித்தனர்: இராமசாமி முருகன், வேங்கடராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர். (நம் மணல்தான் அங்கே சென்றது என்று நாம் சொல்ல வரவில்லை, தனிமங்கள் அவையே.) முருகன் பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிற்றினார். கார்னெட் கல்லின் அமைப்புடைய இத்திண்மத்தினூடே லித்தியம் அயனிகள் அறை வெப்பத்திலேயே விரைந்து செல்லும். வழக்கமான லித்தியம் மின்கலத்திலுள்ள தீப்பற்றும் திரவத்துக்கு இது மாற்றாகலாம்.

இடர் எங்கே எனில், எல்லையில். திரவம் எங்கும் பரவி ஒட்டும்; திண்மம் ஒட்டாது. மேலும், லித்தியம் பிற பொருள்களைச் சிதைக்க வல்லது. கார்னெட் அதனருகே நிலைக்குமா? ஒளியின் அலை இதைக் காட்டப் போதிய அளவு குறுகியதன்று. எலக்ட்ரான் அலையோ மிகமிகக் குறுகியது. 1931-இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் அதனைக் கொண்டே நுண்ணோக்கி அமைத்தனர்.

2016-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மியாஃபாங் சீ குழுவினர், நுண்ணோக்கியின் உள்ளேயே லித்தியத்தைக் கார்னெட்டின்மேல் படவைத்து நோக்கினர். தொட்ட இடத்தில் கார்னெட்டின் கனசதுர அமைப்பு சற்று நீண்டு வேறாயிற்று. அம்மாற்றம் உள்ளே பரவவில்லை. ஏறத்தாழ ஐந்து அலகுக் கூடுகளின் கனத்தில், அதாவது 6 நானோமீட்டர் அளவில் நின்றுவிட்டது. அம்மெல்லிய படலமே உள்ளிருக்கும் கார்னெட்டை மேலும் சிதையாமல் காக்கிறது. அயனிகள் அதில் மெல்லச் செல்லினும், அத்துணை மெல்லிய இடத்தில் அது பெருந்தடையாகவில்லை.

காற்றுப்பட்ட கார்னெட்டின் கதை வேறு. அதன்மேல் லித்தியம் கார்பனேட்டு படிந்துவிடும். அதைத் தேய்த்து நீக்கிய பின்னரே லித்தியம் நன்றாக ஒட்டுகிறது.