காயம் ஆறிவிட்டது, கட்டி ஏன் போகவில்லை?

தோணி விளிம்பில் கால் இடித்தால் நீலம் பாரித்த நிறம் இரண்டு மூன்று வாரங்களில் மறைந்துவிடும். ஆனால் தோலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி மாதக்கணக்கில் கைக்குத் தட்டுப்படலாம். பெரும்பாலும் அது உறைந்த இரத்தம், அல்லது அடிபட்டுத் தடித்துப்போன கொழுப்பு. உடல் அதை மெல்லக் கரைத்துக்கொள்ளும். எண்ணெய் பூசி அழுத்தி உருவும் வழக்கம் நம்மிடம் உண்டு. புதிதாக அடிபட்ட இடத்தில் அது இரத்தக்கசிவைக் கூட்டவே செய்யும். முதல் இரண்டு நாட்களுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் போதும்.

தோல் கிழிந்திருந்தால் விடயம் வேறு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் அடியில் சேறும் மட்டி ஓடும் கண்டல் வேரும் கிடக்கின்றன. கெளிற்று முள்ளின் நுனியோ ஓட்டுத் துண்டோ உள்ளே தங்கினால், அதைச் சுற்றித் தசை தடித்துக் கட்டியாகும். மரச்சிராய் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் தேவைப்படும்.

மீன் வாழும் நீரில் மைக்கோபக்டீரியம் மரினம் என்றொரு கிருமி உண்டு. காசநோய்க் கிருமியின் உறவு. கீறல் ஆறி இரண்டு முதல் நான்கு வாரங்களில், சிலவேளை மாதங்கள் கழித்து, அதிகம் வலிக்காத கட்டி தோன்றும். பின் காலில் மேல்நோக்கி வரிசையாக இன்னும் சில. அமொக்சிசிலின் இதற்குக் கேட்காது. பொருத்தமான மருந்தை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். இக்கிருமி 30 பாகை செல்சியஸ் அளவில்தான் நன்றாக வளரும். ஆய்வுகூடத்தில் வழக்கமான 37 பாகையில் வைத்தால் அகப்படாமலே போகலாம். ஆகவே வாவியில் இறங்கியதை நோயாளி தானாகவே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

படுவான்கரை வயல்களில் வேலை செய்வோர் மெலியோய்டோசிஸ் என்ற பெயரையும் அறிந்திருப்பது நல்லது. இலங்கையில் 1927இலேயே பதிவான இந்த நோய் கிழக்கிலும் காணப்படுகிறது. சேற்றிலும் நீரிலும் உள்ள கிருமி காயம் வழியாக நுழையும், மழைக்காலத்தில் அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கே ஆபத்து கூட. தோலில் சீழ்க்கட்டியாகத் தொடங்கி நுரையீரல், ஈரல் வரை பரவி உயிரையும் பறிக்கலாம். ஊசி மருந்து குறைந்தது 14 நாட்கள், அதன்பின் மாத்திரை மூன்று மாதமளவில். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

கட்டி பெரிதாகிக்கொண்டே போனால், சிவந்து சுட்டால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், பக்கத்தில் இன்னொன்று முளைத்தால் காத்திருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர் காய்ச்சலோடு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வீட்டில் பிளேடால் கீறிப் பார்ப்பது கூடவே கூடாது. கடைசியாக ஏற்பு ஊசி போட்டது எப்போதென்ற துண்டு இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.