எந்த வேலைக்கு அவசரம்?

பெரிய தொழிற்சாலையில் பணி தாமதப்பட்டால், எல்லாரையும் முடுக்கிவிடுவதே பரிகாரம் என்று நாம் எண்ணுகிறோம். அது வீண் செலவு என்பதைத் தொழில் உலகம் மெல்லத்தான் கற்றது.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி காண்ட் பரப்பிய பட்டைப் படம், ஒவ்வொரு வேலையும் எப்போது தொடங்கி எப்போது முடியவேண்டும் என்பதைக் காட்டிற்று. ஆனால் ஒன்று பிந்தினால் அதனோடு எவையெவை பிந்தும் என்பது அதில் எளிதாகப் புலப்படவில்லை.

1957-ஆம் ஆண்டில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் இக்குறையை நீக்க முற்பட்டனர். வேலைகளை அம்புக்குறிகளால் பிணைத்து, அவற்றுள் மிக நீண்ட தொடரைக் கணிப்பொறியின் உதவியால் கண்டனர். அத்தொடரின் நீளமே பணி முழுவதற்கும் ஆகும் காலம்.

உதாரணமாக, ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கிறோம் என்று கொள்வோம். பழைய குழாயைக் கழற்ற 1 நாள். அதை அளந்து புதியது செய்ய 5 நாள். பொருத்த 1 நாள். குழாய் தயாராகும் இடைவேளையில் தொட்டியைத் துலக்க 2 நாள். தொட்டியை ஒரே நாளில் துலக்கினாலும் ஆலை முன்னதாக ஓடாது. குழாய் செய்வதில் ஒரு நாளை மிச்சப்படுத்தினாலோ, ஆலை ஒரு நாள் முன்னதாகவே ஓடும்.

லூயிவில் நகரத்து டூபான்ட் ஆலையில் இம்முறையைக் கையாண்டபோது, பராமரிப்புக்காக ஆலை நிற்கும் நேரம் சராசரி 125 மணியிலிருந்து 93 மணியாகக் குறைந்தது.

ஆகவே மேற்பார்வையாளர் முதலில் கற்கவேண்டியது அதட்டல் அன்று. எது எதற்காகக் காத்திருக்கிறது என்னும் கேள்வியே. பயனில்லாத அவசரத்தால் தொழிலாளரை இரவும் பகலும் வருத்தாதிருக்கவும் அக்கேள்வியே நமக்குத் துணை.