மாதிரியில் பிறந்த ஹெலிகாப்டர்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்கு நான் நடுவராக இருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ‘கோப்ரா’ என்னும் அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டரின் மாதிரியைச் செய்து வைத்திருந்தார். அளவு 72-இல் ஒரு பங்கு. பிளாஸ்டிக் தகடு, அட்டை, தீர்ந்துபோன பேனா ரீஃபில் ஆகியவற்றால் ஆன அந்த உருவம் ஒரு சாண் நீளம்கூட இல்லை.

“பெரிய சுழல் இறக்கைக்குக் குறுக்கே, இரு முனைகளிலும் எடை வைத்த சிறு தண்டு ஒன்று இருக்க வேண்டுமே தம்பி, எங்கே?” என்று கேட்டேன். பெல் நிறுவன ஹெலிகாப்டர்களுக்கு அதுவே அடையாளம் என்று வகுப்பில் சொன்னவனே நான்தான்.

“இதில் அது கிடையாது, சார்” என்றார். இரண்டு மதிப்பெண்களைக் குறைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

தவறு என்னுடையது. எப்படி என்பது அந்தத் தண்டின் வரலாற்றைச் சொன்னால் விளங்கும்.

ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை, மனிதனுக்கு முன்பே மாதிரி பறந்துவிட்டது. 1784-ஆம் ஆண்டிலேயே லோனுவா, பியான்வெனு என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள், ஒரு தண்டின் இரு முனைகளிலும் பறவைச் சிறகுகளைச் செருகி, வில்லின் நாணால் சுழற்றி, பாரிஸ் அறிவியல் கழகத்தார் முன் மேலே எழச் செய்தார்கள். 1870-இல் அல்போன்ஸ் பெனோ முறுக்கிய ரப்பரை அதற்குப் பயன்படுத்தினார். அவ்வகைப் பொம்மை ஒன்றை 1878-இல் தந்தை வாங்கி வந்து கொடுக்க, அதை வைத்து விளையாடிய சிறுவர்களே பிற்காலத்தில் விமானம் கண்ட ரைட் சகோதரர்கள்.

பொம்மை பறக்கிறது, அதையே பெரிதாகச் செய்தால் என்ன? இங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. நீளத்தை இரு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும்; எடையோ எட்டு மடங்காகும். வலிமையும் இலேசும் ஒருங்கே அமைந்த எஞ்சின் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எஞ்சின் வந்த பிறகும் இன்னொரு தொல்லை தீரவில்லை. எழுந்த இயந்திரம் நிலையாக நிற்காமல் சாய்ந்து கவிழ்ந்தது.

ஆர்தர் யங் என்ற அமெரிக்கர் கைவைத்தது இந்தச் சிக்கலில்தான். 1905-இல் பிறந்தவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். தத்துவத்தில் நாட்டம் கொண்ட அவர், அதற்கு முன் கையால் தொட்டுச் சரிபார்க்கக் கூடிய ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்று எண்ணி, 1928-இல் ஹெலிகாப்டரைத் தேர்ந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் மாதிரிகளுடனேயே கழித்தார். விழுந்தால் ஆள் சாவதில்லை. உடைந்த இறக்கையைச் செதுக்கிக்கொண்டு மறுநாளே மீண்டும் பறக்கவிடலாம்.

மாதிரியில் இன்னொரு வசதியும் உண்டு. 160 குதிரைத் திறன் வேண்டிய இயந்திரத்தை ஆறில் ஒரு பங்கு அளவில் செய்வதாக வைத்துக்கொள்வோம். எடை 216-இல் ஒரு பங்கு. திறனோ 529-இல் ஒரு பங்கு, அதாவது 0.3 குதிரைத் திறன். வீட்டு மிக்ஸியின் மோட்டாரே போதும்! ஆனால் ஒரு சங்கடமும் இருக்கிறது. நீண்ட கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துவது எளிது. பென்சிலை நிறுத்திப் பாருங்கள், நொடியில் விழும். அதுபோல் ஆறில் ஒரு பங்கு மாதிரி ஏறத்தாழ இரண்டரை மடங்கு விரைவாகக் கவிழும். சின்ன உருவம் நிலைத்து நின்றுவிட்டால் பெரியதும் நிற்கும் என்று நம்புவதற்கு இடம் உண்டு.

இறக்கையை அச்சுடன் இறுகப் பிணைத்தபோது மாதிரி உடனே சாய்ந்தது. கீல் வைத்து ஆடவிட்டபோது முன்னும் பின்னுமாக ஊசலாடி, ஊசல் பெருகிப் பெருகி விழுந்தது. கடைசியில் இறக்கைக்குக் குறுக்கே ஒரு தண்டைப் பொருத்தி, அதன் முனைகளில் எடைகளை வைத்தார். சுற்றும் பம்பரம் எளிதில் தன் நிலையை மாற்றாது அல்லவா? உடல் சாய்ந்தாலும் சுழலும் தண்டு தன் தளத்தை விடாது. அத்தண்டையே இறக்கையின் கோணத்துடன் இணைத்துவிட்டதால், சாய்வு தோன்றும்போதே இறக்கை அதைத் திருத்தியது. மாதிரி ஒரே இடத்தில் அசையாமல் மிதந்தது.

1941-இல் பஃபலோ நகரிலிருந்த பெல் விமானத் தொழிற்சாலைக்குள் அதைப் பறக்கவிட்டுக் காட்டினார். அவ்வாண்டு நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1942 டிசம்பர் 29 அன்று, 32 அடி விட்டமுள்ள சுழல் இறக்கையுடன், ‘பெல் 30’ கயிற்றால் கட்டப்பட்ட நிலையில் தரையை விட்டு எழுந்தது. அதன் வழிவந்த ‘பெல் 47’, 1946 மார்ச் 8 அன்று, அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டராயிற்று. கொரியப் போரில் அது காயமுற்றோரைச் சுமந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.

உயிர் காத்த வம்சத்திலேயே உயிர் குடிப்பதும் பிறந்தது. 1962-இல் பெல் நிறுவனத்தார் ஒரு போர் ஹெலிகாப்டரின் முழு அளவு மாதிரியைச் செய்து இராணுவத்துக்குக் காட்டினார்கள். பறக்காத மாதிரிதான், ஆனால் ஒருவர் பின் ஒருவராக அமரும் இருக்கை, மூக்கின் அடியில் துப்பாக்கிக் கூண்டு, பக்கங்களில் குட்டை இறக்கைகள் என்று பின்னாளில் தாக்குதல் ஹெலிகாப்டருக்கு இலக்கணமான யாவும் அதில் இருந்தன. 1963-இல் பழைய பெல் 47-ஐயே திருத்திச் சோதனைக்காக ஒன்றைப் பறக்கவிட்டார்கள். 1965 செப்டம்பர் 7 அன்று கோப்ராவின் முதல் வடிவம் பறந்தது. 1967-இல் அது வியட்நாம் போர்க்களத்துக்குச் சென்றது. யங் இவற்றுள் எதிலும் இல்லை. 1947-லேயே பெல்லை விட்டு விலகித் தத்துவத்துக்குத் திரும்பிவிட்டார். 1995-இல் மறைந்தார்.

கோப்ராவில் புதுவகைச் சுழல் இறக்கை ஒன்றைப் பொருத்தினார்கள். சாய்வைத் திருத்தும் வேலையை மின்னணுக் கருவி ஏற்றது. எனவே யங்கின் தண்டு அதில் இல்லை! அதற்கு முந்திய ‘ஹியூயி’ ஹெலிகாப்டர்களின் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நான் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்.

மறுவாரம் அந்த மாணவரைத் தேடிப்போய் ஒப்புக்கொண்டேன். பரிசுகள் அதற்குள் கொடுத்து முடிந்திருந்தன. அவர் சிரித்துக்கொண்டே மாதிரியை எடுத்து வந்தார். இறக்கை முனைகள் சற்றே கீழ்நோக்கி வளைந்திருந்தன. நின்றிருக்கும் ஹெலிகாப்டரின் நீண்ட இறக்கை தன் எடையால் தொய்வது இயல்பு. ஆனால் அதே பொருளால் 72-இல் ஒரு பங்கு அளவில் செய்தால், நீளத்தோடு ஒப்பிட்ட தொய்வும் 72-இல் ஒரு பங்காகிவிடும், கண்ணுக்கே தெரியாது. ஆகவே வெந்நீரில் நனைத்துக் கையால் வளைத்ததாகச் சொன்னார். உண்மையைக் காட்ட, இயற்கை தராத வளைவை அவர் தர வேண்டியிருந்தது.

“ரிவெட் ஆணிகளைப் பார்த்தீர்களா, சார்?” என்று கேட்டார். ஆய்வகத்துக்குப் போய் லென்ஸை எடுத்து வந்தேன். ஓர் ஆணிகூட இல்லை.

“5 மில்லிமீட்டர் ஆணித்தலை இந்த அளவில் 0.07 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிப்பு. கடையில் விற்கும் மாதிரிகளில் அரை மில்லிமீட்டருக்கு வைக்கிறார்கள். நிஜத்தில் அது 36 மில்லிமீட்டர் ஆகிவிடும், சார், பத்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிது” என்றார்.