திருப்பூர்ப் பணம் யாரைத் தேடிப் போனது?



ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணித்தான் இன்று அதன் மதிப்பை அளக்கிறார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் கட்டுரை ஒன்று நம் திருப்பூரைப் பற்றியது. 2004-ல் வெளிவந்தது. எழுதியவர்கள் அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி. பானர்ஜி 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அந்தப் பரிசு அவருடைய வறுமை ஒழிப்பு ஆய்வுகளுக்கு.

இருவரும் நம் ஊர் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளின் கணக்கை ஆராய்ந்தார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தார் அதிக முதல் போட்டுத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளாமையில் மிஞ்சிய பணம் சொந்தபந்தத்துக்குள்ளேயே கைமாறியது. வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலில் தொடங்கியும் வேகமாக வளர்ந்தார்கள். திறமையை விட உறவைப் பார்த்தே பணம் போயிருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

நாணயத்தை நம்பிக் கொடுத்த அந்தப் பணத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதனால் தலையெடுத்த குடும்பங்கள் பல. ஆனால் சொந்தம் இல்லாதவனுக்கு அதே கதவு திறக்கவில்லை.

இன்று உங்கள் கம்பெனிகளில் பீகார், ஒடிசா பிள்ளைகள் தைக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நாளை சொந்தமாக நாலு மெஷின் போட உதவி கேட்டு வந்தால், ஊரைக் கேட்பதற்கு முன் அவன் கைவேலையைப் பாருங்கள்.